லயத்துக்கு ஒரே நம்பர்

எனக்குப் பிடிக்காத மென்பொருள்களைச் சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்துவிடும். அதனால் பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கம்ப்யூட்டரில் எழுத்து மட்டுமே இருக்கும் ஒரு சாதாரணக் குறிப்புக் கோப்பு உண்டு. அன்றன்றைக்குச் செய்ய வேண்டியதை அதில்தான் எழுதுவேன். அது லாகின் கேட்காது. 'புதிதாக என்ன வந்திருக்கிறது பாருங்கள்' என்று குறுக்கே வந்து நிற்காது. நெட் போனாலும் திறக்கும். பதினோரு வருஷமாக நிரல் எழுதிப் பிழைக்கிறேன். இதைவிட யோக்கியமான ஒரு கருவியை நான் பார்த்ததில்லை.

நான் இருப்பது பந்தலூர் பஜாரில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் அறையில். கம்பெனி பெங்களூரில். கோயம்புத்தூரில் ஆறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றதும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் ஆபீஸ் அரட்டைச் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். நான் உயிரோடு இருக்கிறேனா என்று மேனேஜர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். டீ போட எழுந்தால் மஞ்சளாகிவிடும். அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் ஆடி மாத மழையில் ஒரு நாள் கொழுந்து பறிக்க விடுவேன். வீடியோ மீட்டிங்கில் பின்னணியை மங்கலாக்கும் வசதியை மட்டும் மனசாரப் பாராட்டுவேன். சுவரில் பூத்திருக்கும் பூஞ்சையை அது நன்றாக மறைக்கிறது.

வரைபடச் செயலியோடு எனக்குப் பழைய பகை. நான் பிறந்து வளர்ந்த லயம், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, இருக்கும் இடத்தில் அது வெறும் பச்சையைக் காட்டுகிறது. இப்போது புதிதாக வந்திருக்கும் ஏ.ஐ. உதவியாளரையும் பயன்படுத்துகிறேன், வேலைக்கு ஆகிறது. ஆனால் அதற்குத் 'தெரியாது' என்று சொல்லத் தெரியவில்லை. தப்பாக எழுதினாலும் அடித்துச் சொல்லும். எனக்கும் அந்தக் குணம் உண்டு என்பது ஒரு ஆடி மாதத்தில்தான் உறைத்தது.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு முன்பதிவுச் செயலி செய்து தருகிறது. அதில் லாகின் பகுதி என் பொறுப்பு. போனுக்கு ஓ.டி.பி. அனுப்புவது, ஐந்து நிமிஷத்தில் அதைக் காலாவதியாக்குவது, மூன்று தடவைக்கு மேல் கேட்டால் ஒரு நாள் முழுக்கப் பூட்டிவிடுவது, எல்லாம் நான் எழுதியதுதான். அந்த மூன்று என்ற எண்ணை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. எல்லோரும் மூன்று வைக்கிறார்கள், நானும் வைத்தேன். ஒரே பொத்தானை நாலைந்து தடவை அழுத்தும் ஆட்களைப் பற்றி மீட்டிங்கில் கேலி பேசியிருக்கிறேன். ஒரு தடவை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தால் என்ன இந்த ஜனங்களுக்கு என்று கேட்டிருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் லயம் பஜாரிலிருந்து இரண்டு கிலோமீட்டர், தேயிலைக்கு நடுவில் சரிவில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள். எல்லாம் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அந்தச் சரிவில் பத்தாவது வீட்டு வாசலில் மட்டும்தான் போனில் இரண்டு கோடு ஏறும். அதனால் ஆதாருக்கு, கேஸுக்கு, ரேஷன் கார்டுக்கு என்று எங்கே யார் போன் நம்பர் கேட்டாலும், பத்து வீட்டுக்காரர்களும் பத்தாவது வீட்டு அக்காவின் நம்பரைக் கொடுத்துவைத்திருந்தார்கள். சொந்த நம்பர் தெரியாதவர்களுக்கும் அந்த நம்பர் தலைகீழாகத் தெரியும். அவளுக்குப் பெயரே நம்பர்க்கார அக்கா என்றாகிவிட்டது.

ஓ.டி.பி. வந்தால் அவள் வாசலில் நின்று கத்துவாள். ஆறாவது வீட்டுக்காரர் அதை வாங்கி மூன்றாவது வீட்டுக்குக் கத்துவார். மூன்றாவது வீட்டில் கரித்துண்டால் சுவரில் எழுதிக்கொள்வார்கள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு வரும் ஆறு எண்கள் லயம் முழுக்க ஒலித்துவிட்டு உரியவர் கைக்குப் போகும். பாதுகாப்பு பற்றிப் பாடம் எடுக்கும் நான் முதல் தடவை அதைக் கேட்டபோது காதைப் பொத்திக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஏற்பாடு ஒரு நாளும் சொதப்பியதில்லை. காலையில் பெரட்டுக்கு, எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் நேரத்தில் வந்த எண்கூட ஐந்து நிமிஷத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்த நம்பர்க்கார அக்கா வைகாசியில் குடும்பத்தோடு திருப்பூருக்கு, பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். சிம்மும் அவளோடு போய்விட்டது. கம்பெனிக்குள் போன் கூடாது. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலை பத்து மணிக்கு டீ நேரத்தில் எடுப்பாள், லயத்துக்காரர்களுக்கு வந்த எண்களைத் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்வாள். அதற்குள் அவை எல்லாம் காலாவதியாகியிருக்கும். ஆனாலும் பாவம், ஒன்று விடாமல் சொல்வாள்.

நாலாவது வீட்டில் ஒரு பெண் அந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருந்தாள். அவள் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் தங்கச்சி. அதனால் அந்தப் பெண்ணுக்கு நான் சித்தி. அவளுக்கு நர்சிங் படிக்க வேண்டும். கலந்தாய்வு ஆன்லைனில் நடந்தது. தளத்துக்குள் போய், வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தி, இதுதான் முடிவு என்று பூட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பூட்டவில்லை என்றால் அந்த வருஷம் அவ்வளவுதான். உள்ளே போக ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. வேண்டும். பதிவு செய்தபோது கொடுத்தது எந்த நம்பர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் புதன்கிழமையே என் அறைக்கு வந்தாள். எனக்கு ஆபீஸில் கழுத்தை நெரிக்கும் வேலை. வெள்ளிக்கிழமைதானே கடைசி, அன்றைக்கு வா, பத்து நிமிஷ வேலை என்று அனுப்பிவைத்தேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அம்மாவும் பெண்ணும் குடையை உதறிக்கொண்டு படியேறி வந்தார்கள். அம்மா லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். முதல் நாள் காற்றில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்துபோயிருந்தது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். அது ஒரு கோட்டுக்கும் அரைக் கோட்டுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருந்தது.

பத்து மணி வரை பொறுப்போம், நம்பர்க்காரச் சித்தி டீ நேரத்தில் போனை எடுத்துவிட்டுக் கூப்பிடுவார்கள், அப்புறம் ஓ.டி.பி. கேட்கலாம் என்று அந்தப் பெண் தெளிவாகச் சொன்னாள். நியாயமான திட்டம். நான் என்ன செய்தேன்? தளம் வேலை செய்கிறதா என்று சும்மா பார்க்கலாமே என்று ஓ.டி.பி. பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றியது, ஒன்றும் வரவில்லை. சிக்னல்தான் சரியில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தினேன். வட்டம் சுற்றியது. கோபம் வந்து மூன்றாவது தடவையும் அழுத்தினேன். மூன்று கோரிக்கையும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பதில்தான் இந்த மலையில் ஏறி வரத் தாமதம். பத்து மணிக்குத் திருப்பூரிலிருந்து போன் வந்தது. மூன்று எண் வந்திருக்கிறதே, எது வேண்டும் என்று கேட்டாள். மூன்றும் செத்த எண்கள். நாலாவது தடவை அழுத்தியபோது திரையில் சிவப்பில் வந்தது: அதிகபட்ச முயற்சிகள் முடிந்தன, இருபத்துநாலு மணி நேரம் கழித்து வரவும்.

ஒரு பெண்ணின் ஒரு வருஷத்தை ஒரு விரலால் பூட்டியிருக்கிறேன். அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தங்கச்சி ஆச்சு என்று கேட்டார். எங்கள் தொழிலில் வாய் தானாகவே சொல்லும் ஒரு பொய் உண்டு.

"சர்வர் டவுன் அக்கா," என்றேன்.

அந்தப் பெண் என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த காகிதத்தை மடித்தாள்.

தளத்தில் அடியில் உதவி மையங்களின் பட்டியல் இருந்தது. எங்கள் மாவட்டத்துக்கு ஊட்டியில் ஒரு கல்லூரியில் ஒரு மையம். அங்கே இருந்த போன் நம்பரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பந்தலூரிலிருந்து ஊட்டி மழையில்லாத நாளிலேயே மூன்றரை மணி நேரம். போனால் ஆகுமா ஆகாதா என்று யோசித்துக்கொண்டிருந்தால் ஐந்து மணியாகிவிடும். மார்க் ஷீட், சாதிச் சான்று, ஆதார் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போடச் சொன்னேன். மேனேஜருக்கு இன்று லீவு என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, பதிலைப் பார்க்காமல் லேப்டாப்பை மூடினேன். பச்சைப் புள்ளி எந்த நிறமானாலும் ஆகட்டும்.

பத்தரைக்குக் கூடலூர் பஸ் பிடித்தோம். கூடலூரில் ஊட்டி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். அந்த அம்மா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து முதலில் எனக்கு நீட்டினார். தங்களால் எனக்கு வேலை கெட்டுப்போச்சு என்று நாலு தடவை வருத்தப்பட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நடுவட்டத்துக்குக் கீழே ரோட்டில் மண் சரிந்து, ஜே.சி.பி. வந்து ஒதுக்கும் வரை வண்டிகள் வரிசையாக நின்றன. மணி இரண்டு தாண்டியது. கண்டக்டரிடம் போய், இறங்கி நடந்து அந்தப் பக்கம் நிற்கும் பஸ்ஸில் ஏறலாமா என்று கேட்டேன். மேலே இருந்து இன்னும் கல் உருளுது, பேசாமல் உட்காரும்மா என்றார். உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே உதவி மையத்துக்குப் பதினேழு தடவை போன் போட்டேன். சிக்னல் கிடைத்தபோதெல்லாம் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அந்தப் பெண் மடியில் கவரை வைத்துக்கொண்டு, கல்லூரிகளை எந்த வரிசையில் போடுவது என்று ஒரு காகிதத்தில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மூன்றே முக்கால். ஆட்டோவில் போய் இறங்கினோம். உதவி மையம் என்பது ஒரு வகுப்பறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு எழுத்தர், அவருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் கிட்டத்தட்ட எங்கள் கதைதான். போன் ஏன் எடுக்கவில்லை என்பது அந்த வரிசையைப் பார்த்ததும் புரிந்தது. அவர் தலை நிமிரவே நேரமில்லை. எங்கள் முறை வந்தபோது மணி நாலு இருபத்தைந்து. அவர் விண்ணப்ப எண்ணை அடித்தார், திரையைப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏனுங்க, ஒம்பது மணி முப்பத்தஞ்சுல இருந்து தொடர்ந்து மூணு தடவ ஓ.டி.பி. கேட்டிருக்கறீங்க. அதனாலதான் பூட்டிக்கிச்சு. யாருங்க இப்பிடி அமுக்குனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நான்தான் சார். அவசரத்துல அமுக்கிட்டேன்."

அம்மா அவள் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா, சித்தி எவ்வளவு பாடுபடுறாங்க, நீ இப்பிடிக் கெடுத்து வச்சிருக்கியே என்று பொரிந்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காலையிலிருந்து அவளுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு எழுத்தைப் படித்திருக்கிறாள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் என்னோடு பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஒரு நொடி, வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், அப்படியே விட்டுவிடலாமா என்று தோன்றியது. அப்புறம் அந்த அம்மாவின் கை மறுபடி ஓங்கியது.

"அவ இல்லக்கா. நான்தான் அமுக்கினேன். காலைல சர்வர் டவுன்னு சொன்னதும் பொய்," என்றேன்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கையை இறக்கி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். எழுத்தருக்கு யார் அமுக்கினால் என்ன, அவர் அதற்குள் ஒரு தாளை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். போன் நம்பரை மாற்றினால் பூட்டு திறந்துவிடும், அதற்குப் பெற்றோர் கையெழுத்தோடு கடிதம் வேண்டும், புது நம்பர் என்ன என்று கேட்டார். அந்த அம்மா மூச்சு விடாமல் பத்து எண்களையும் ஒப்பித்தார். திருப்பூருக்குப் போன அதே நம்பர்.

என் நம்பரைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் அம்மாவின் சுருக்குப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்தாள். பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து நிதானமாக ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். லயத்தில் சிக்னல் வராதே என்றேன். ரோட்டுக்கு ஏறி வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அந்தப் போனில் பிரிக்காத மெசேஜ்கள் குவிந்து கிடந்தன. புதிதாக எதுவும் உள்ளே நுழையவில்லை. அவள் பழையதை ஒவ்வொன்றாக அழித்தாள், அழித்தாள், ஓ.டி.பி. வந்து விழுந்தது. எழுத்தர் நாற்காலியைக் காட்டியதும் நான் பழக்கதோஷத்தில் உட்காரப் போனேன். "நகருங்க சித்தி, நான் போட்டுக்கறேன்," என்றாள். நகர்ந்தேன். ஒற்றை விரலால், காகிதத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நாலு ஐம்பத்தொன்றுக்குக் கல்லூரி வரிசையைப் பூட்டினாள்.

அவளுக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது, இரண்டாவதாகக் கேட்ட கல்லூரி. இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நானும் ஆபீஸில் நான் எழுதிய அந்த மூன்று தடவைப் பூட்டைச் சும்மா விடவில்லை. ஊட்டியிலிருந்து வந்த அடுத்த திங்கட்கிழமையே மீட்டிங்கில் கிளப்பினேன். பொத்தானை அழுத்தியதும் பதில் வரும் வரை அது மறுபடி அழுந்தக் கூடாது, ஒரு நாள் பூட்டு கூடாது, போன் கையில் இல்லாதவருக்கு வேறு வழி வேண்டும் என்றேன். பாதுகாப்பு என்றார்கள். எல்லா நிறுவனமும் அப்படித்தான் வைக்கிறது என்றார்கள். அதே வாதத்தை நானே அந்த அறையில் வைத்திருக்கிறேன், அதனால் அதன் ஓட்டைகள் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரம் சண்டை போட்டேன். பிடிவாதக்காரி என்று பெயர் கிடைத்தது, மாற்றமும் கிடைத்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலம் திரும்பி வந்த பஸ்ஸைப் பற்றி. அம்மா முன் சீட்டில் தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிவிட்டார். நான் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் பைக்காரா தாண்டியது. அப்புறம், எதற்காக உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன். என் மேல் இருக்கும் பாசத்தில் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அவள் முன் சீட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். "அம்மா உங்களோட சண்டைக்கு வந்து, நீங்க கோவிச்சுக்கிட்டா? தம்பிக்கு ஸ்காலர்ஷிப் போடணும். அம்மா பி.எப். பாக்கணும். லயத்துல வேற யாரு சித்தி இருக்கா? நம்பர்க்காரச் சித்தி கோவிச்சுக்கக் கூடாதுன்னு நாங்க வீட்டுக்கு ஒரு நாளுன்னு முறை வச்சு அவங்களுக்குத் தண்ணி தூக்கிக் குடுத்தோம். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அந்த லயத்தில் பிறந்தவள் நான். என் அறைக்கு வரும்போதெல்லாம் அவர்கள் கொண்டுவரும் கீரையையும் பலாக்கொட்டையையும் அன்பு என்று வாங்கிவைத்துக்கொண்டவள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இனிமே நான் தப்புப் பண்ணா மூஞ்சிக்கு நேரா கத்து. உங்கம்மாவையும் கத்தச் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்," என்றேன்.

அவள் சிரித்தாள். ஆனால் 'சரி' என்ற வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை.